நைட்டி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடைகளின் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே கடைசியில் நைட்டியில்தான் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் அநேகமாக அவையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

நைட்டி தமிழ் வார்த்தையா, இங்கிலீஷா?

இங்கிலீஷ்தான். நைட்கவுன், நைட்டிரஸ் என்ற நீளப் பெயர்களைச் செல்லமாகச் சுருக்கியதில் வந்தது. ஆங்கில அகராதிகள் இதற்குக் காட்டும் பழைய எழுத்துச் சான்று 1871ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குழந்தைகளோடு பேசும்போது பயன்பட்ட கொஞ்சல் சொல் இது, அதனால் அச்சில் ஏறுவதற்கு முன்பே வாயில் இருந்திருக்கும். நைட்கவுன் என்ற சொல் இதைவிட ரொம்பப் பழசு, 1400 வாக்கிலேயே இருக்கிறது.

உள்ளே இருக்கும் 'நைட்' நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. லத்தீனில் நாக்ஸ், கிரேக்கத்தில் நிக்ஸ், சமஸ்கிருதத்தில் நக்தம், எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. புராணக் கதைகளில் அரக்கர்களை நக்தஞ்சரர் என்பார்களே, இரவில் திரிகிறவர்கள் என்று பொருள். அந்த நக்தமும் இந்த நைட்டும் தூரத்துப் பங்காளிகள்.

அந்த 'டி' எதுக்கு? நைட்டுன்னா ராத்திரி, நைட்டின்னா ராத்திரிப் பொண்ணா?

சிரிப்பாக இருந்தாலும் நல்ல கேள்வி. சீமாட்டி, பெருமாட்டி, பெண்டாட்டி என்று தமிழில் பெண்பால் பெயர்கள் இப்படி முடிவதால் காதுக்கு அப்படித் தோன்றுகிறது. ஆனால் இது தற்செயல். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சின்னதாக்க அல்லது செல்லமாக்கக் கடைசியில் ஓர் இகரத்தை ஒட்டுவார்கள்: டாட் என்பது டாடி, ஆன்ட் என்பது ஆன்ட்டி. நைட்டியும் அதே வார்ப்பு.

ஆனால் அந்த இகரம் தமிழ் வாய்க்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறது. நைட், லைட், பஸ் என்று மெய்யில் முடியும் சொற்களுக்கு நாம் ஓர் உகரத்தைச் சேர்த்து நைட்டு, லைட்டு, பஸ்ஸு என்று ஆக்கித்தான் பேசுகிறோம். நைட்டிக்கு அந்த வேலையே இல்லை. நைட்டியை, நைட்டியில், நைட்டிக்கு என்று வேற்றுமை உருபுகள் வழுக்கிக்கொண்டு போய் ஒட்டுகின்றன. ந என்ற எழுத்து எல்லா உயிரோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்று தொல்காப்பியமே அனுமதிக்கிறது, கிரந்த எழுத்தும் வேண்டாம். நெக்லிஜே, லாஞ்சரி மாதிரியான மற்ற உடைப் பெயர்கள் (பின்னால் வருகின்றன) எல்லாம் கடைப் பலகையோடு நின்றுவிட, இது மட்டும் பாட்டிகள் வாய் வரைக்கும் போனதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நைந்த துணியில தைச்சதால நைட்டின்னு பேர் வந்ததா ஒரு ஃபார்வர்டு வந்துச்சே, உண்மையா?

இல்லை. 'நை' என்ற வினை சுத்தத் தமிழ், துவைத்துத் துவைத்துத் துணி நைந்துபோகிறது என்று இன்றைக்கும் சொல்கிறோம். அதில் சந்தேகமில்லை. ஆனால் 'நை'யிலிருந்து 'ட்டி' எப்படி முளைத்தது என்பதற்கு அந்த ஃபார்வர்டில் விளக்கம் இருக்காது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பெயர் எப்படி வந்தது என்பதற்கும் இருக்காது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று எடுத்துக்கொண்டால் எதையும் எதோடும் சேர்த்துவிடலாம்.

வீட்டில் கிடக்கும் பழைய நைட்டியைத் தொட்டுப் பார்த்தால் அந்தச் செய்தியை எழுதியவரின் மனநிலை புரியும், அது வேறு விஷயம்.

நைட்கவுனும் நைட்டியும் ஒண்ணுதானே? படுக்கும்போது போடுறதுதானே ரெண்டும்?

இன்றைக்கு ஒன்றுதான். ஆனால் நைட்கவுன் என்ற பெயர் பல நூற்றாண்டுகள் படுக்கையில் போடும் உடையைக் குறிக்கவே இல்லை, இதுதான் இந்தச் சொல்லின் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இறுக்கமான உடைகளைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் சாவகாசமாக இருக்கும்போது மேலே போட்டுக்கொள்ளும் தளர்வான நீள அங்கிக்குத்தான் அந்தப் பெயர். ஆண்களும் போட்டார்கள், பெண்களும் போட்டார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1532இல், பின்னாளில் தன் ராணியான ஆன் பொலினுக்கு ஒரு நைட்கவுன் வாங்கிக் கொடுத்த கணக்கு அரண்மனைச் செலவுக் குறிப்பில் இருக்கிறது. கறுப்பு சாட்டின் துணி, உள்ளே டஃபேட்டா லைனிங், ஓரத்தில் வெல்வெட். இதைப் போட்டுக்கொண்டு யார் தூங்குவார்கள்?

ஷேக்ஸ்பியரின் மேக்பத் நாடகத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. மேக்பத் தம்பதி மன்னரைக் கொன்ற இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் லேடி மேக்பத் கணவனிடம் நைட்கவுனை மாட்டிக்கொள்ளச் சொல்கிறாள், இவ்வளவு நேரம் விழித்திருந்தது பிறருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று. பின்னால் அவளே தூக்கத்தில் நடக்கும்போது, படுக்கையிலிருந்து எழுந்து நைட்கவுனை எடுத்து மேலே போட்டுக்கொள்கிறாள் என்று தாதிப்பெண் சொல்கிறாள். அதாவது படுக்கையிலிருந்து எழுந்த பிறகு போடுவது நைட்கவுன். படுக்கும்போது உள்ளே போட்டிருந்தது ஷிஃப்ட் அல்லது ஸ்மாக் என்ற மெல்லிய உள்சட்டை.

18ஆம் நூற்றாண்டில் இது இன்னும் முற்றிப்போய், இங்கிலாந்துப் பெண்கள் பகலில் வெளியே போகும்போது போட்ட ஒரு வகைக் கவுனுக்கே நைட்கவுன் என்று பெயர் இருந்தது. தூங்கும் உடை என்ற பொருள் உறுதியாக ஒட்டிக்கொண்டது அதற்கும் பிறகுதான்.

நெக்லிஜேன்னு கடையில எழுதியிருக்கே, அது என்ன? நைட்டியோட ஃபேஷன் பேரா?

நெக்லிஜே பிரெஞ்சு. நெக்லிஜே என்றால் 'கவனிக்காமல் விடப்பட்ட' என்று பொருள். லத்தீனில் நெக் என்றால் இல்லை, லெகெரே என்றால் பொறுக்கி எடுத்தல், இரண்டும் சேர்ந்து 'எடுத்துக் கவனிக்காமல் விடுதல்'. கோர்ட்டிலும் ஆஸ்பத்திரி வழக்குகளிலும் அடிபடும் நெக்லிஜென்ஸ் என்ற சொல் இதற்கு உடன்பிறப்பு.

அலட்சியத்துக்கும் உடைக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தக் கால பிரெஞ்சு, ஆங்கில மேட்டுக்குடிப் பெண் ஒருத்தி முழு அலங்காரத்தில் நிற்க வேண்டுமானால் இறுக்குக் கச்சை, அதன்மேல் வளையங்கள், அதன்மேல் அடுக்கடுக்காகப் பாவாடை, தலையில் ஒரு கட்டடம் என்று மணிக்கணக்கில் வேலை இருக்கும். அதெல்லாம் இல்லாமல் ஒரு தளர்வான கவுனோடு இருந்தால் அது 'அலங்காரத்தில் கவனம் இல்லாத நிலை', அதுதான் நெக்லிஜே. ஆங்கிலத்தில் 1756 வாக்கில் தளர்வான கவுன் என்ற பொருளில் பதிவாகியிருக்கிறது. இப்போது கடையில் எழுதியிருக்கும் பொருள், அதாவது லேஸ் வைத்த, மெல்லிய, உள்ளே இருப்பது தெரிகிற மேலங்கி, 1930 வாக்கில் வந்தது. சொல் முதலில் சொன்னதற்கு நேர் எதிர் பாருங்கள்: அக்கறையில்லாமல் போடும் உடை என்று ஆரம்பித்து, ரொம்ப அக்கறை எடுத்துத் தேர்ந்தெடுத்துப் போடும் உடையில் வந்து நிற்கிறது. இடையில் அமெரிக்காவில் சவ அடக்கம் செய்யும் தொழில்காரர்கள் பிரேதத்துக்குப் போர்த்தும் உடைக்கும் இதே பெயரை வைத்திருந்தார்கள், கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே நைட்டிக்கு ஃபேஷன் பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நைட்டி தனியாகப் போடுவது, நெக்லிஜே பெரும்பாலும் இன்னொன்றின் மேல் போடுவது.

லாஞ்சரி, பேபிடால்?

லாஞ்சரியின் வேர் லினன். பிரெஞ்சில் லின் என்றால் ஆளி நார்ச் செடி, லேஞ்ச் என்றால் அந்த நாரில் நெய்த வெள்ளைத் துணிமணிகள். வீட்டில் படுக்கை விரிப்பும் துண்டும் மடித்து வைக்கும் அறைக்குக்கூட பிரெஞ்சில் இந்தப் பெயர் உண்டு. உள்ளாடை, இரவு உடை இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயராக ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது.

பேபிடால் என்பது தொடை வரை மட்டும் வரும் குட்டை நைட்டி. இரண்டாம் உலகப்போர்க் காலத் துணித் தட்டுப்பாட்டில் அமெரிக்காவில் இந்தக் குட்டை வகை வந்தது. பெயர் எல்லோருக்கும் தெரிந்தது 1956இல் எலியா கசான் இயக்கிய பேபி டால் படத்தால், அதில் நாயகி இப்படி ஒரு உடையில் வருவார்.

பைஜாமா நம்ம ஊர் வார்த்தைன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் அது இங்கிலீஷ் நைட் டிரஸ் ஆச்சு?

பாரசீகத்தில் பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடுப்பு. காலுடுப்பு, அவ்வளவுதான், இரவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உருதுவிலும் இந்தியிலும் அது பகலில் போடும் உடைதான், குர்த்தா பைஜாமா போட்டுக் கல்யாணத்துக்கே போகிறார்கள். அந்தப் பாய்தான் ஆட்டுக்கால் பாயாவிலும் இருக்கிறது, சமஸ்கிருதப் பாதமும் அதே குடும்பம்.

இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் வீட்டில் ஓய்வாக இருக்கவும் தூங்கவும் இதைப் போட்டுப் பழகினார்கள், ஊருக்குக் கொண்டுபோனார்கள், 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அது இங்கிலாந்து ஆண்களின் நீள நைட்ஷர்ட்டை ஓரங்கட்டத் தொடங்கியது. பிறகு பெண்களுக்கும் போனது. இப்போது 'நைட் சூட்' என்று சட்டையும் பேண்ட்டுமாக நம் கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இங்கே பகல் உடையாக இருந்தது அங்கே போய் இரவு உடையானது, அங்கே இரவு உடையான நைட்டி இங்கே வந்து பகல் உடையானது.

சின்ன வயசுல ஷிம்மீஸ் போட்டிருக்கோம். அதுக்கும் சல்வார் கமீஸுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. பிற்கால லத்தீனில் கமீசியா என்றால் உடம்போடு ஒட்டிப் போடும் சட்டை, இரவில் போடும் சட்டை. அதிலிருந்து பிரெஞ்சில் ஷெமீஸ், அது ஆங்கிலம் வழியாக நம்மிடம் ஷிம்மீஸ், சில வீடுகளில் ஷிம்மி. அரபியில் உள்ள கமீஸும் இதே சொல்தான், பாரசீகம், உருது வழியாக சல்வாரோடு ஜோடி சேர்ந்து இன்னொரு பாதையில் வந்து சேர்ந்தது. ஆக, ஒரே சொல் இரண்டு வேறு வழியில் வந்து ஒரே பீரோவில் இரண்டு தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஷெமீஸ் பற்றி ஒரு வம்பு வழக்கும் உண்டு. 1783இல் பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத்தை ஓவியர் விஜே லெ ப்ரன் ஒரு வெள்ளை மஸ்லின் கவுனில் வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். உள்சட்டையோடு நிற்கிற மாதிரி இருக்கிறது, ராணிக்கு இது அழகா என்று பெரிய கூச்சல். படத்தை எடுத்துவிட்டுப் பட்டுக் கவுனில் வேறு படம் வைக்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரி கவுனுக்கு 'ராணி பாணி ஷெமீஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது, பிறகு ஐரோப்பாவெங்கும் அதுதான் ஃபேஷன்.

கேரளாவுல மேக்ஸின்னு சொல்றாங்க, வடக்கே கவுன்னு சொல்றாங்க. எது சரி?

எல்லாமே சரி. 1960களில் குட்டைப் பாவாடைக்கு மினி என்று பெயர் வந்ததும், அதற்கு எதிராகக் கணுக்கால் வரை நீளமானதற்கு மேக்ஸி என்று வந்தது. மினிமம், மேக்ஸிமம் கணக்கு. மலையாளிகள் நீளத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், இந்திக்காரர்கள் நைட்கவுனின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் முன்பாதியைப் பிடித்துக்கொண்டோம். ஹவுஸ்கோட் என்பதுதான் கொஞ்சம் வேறு: முன்பக்கம் முழுக்கத் திறந்து பட்டன் அல்லது நாடா போட்டுக் கட்டுவது. நைட்டி தலைவழியாகப் போடுவது, நெஞ்சு வரை ஜிப் இருக்கலாம், அதற்குக் கீழே திறக்காது.

பேரே நைட்டி. அதைப் பகல்ல போட்டுக்கிட்டு சுத்துறது அந்த வார்த்தைக்கே அவமானம் இல்லையா?

இந்தக் கேள்வியை ஆண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், அதையும் பெரும்பாலும் லுங்கியோடு உட்கார்ந்துகொண்டு. நைட்கவுனைப் பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை பாருங்கள். வீட்டில் தளர்வாக இருப்பதற்கான உடை என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள், தூக்கம் பிற்பாடு வந்த பொருள். தமிழ்நாட்டுப் பெண்கள் நைட்டியைக் காலைக் கோலத்திலிருந்து மாவு மில் வரைக்கும் கொண்டுபோனபோது, தெரியாமலேயே அந்தச் சொல்லை அதன் பழைய வீட்டுக்குத்தான் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

காரணமும் ஒன்றும் மர்மம் இல்லை. புடவை என்றால் ஐந்தரை மீட்டர் துணி, அதோடு உள்பாவாடை, ஜாக்கெட். நைட்டி சுமார் மூன்று மீட்டர், ஒரே துண்டு, இடுப்பில் இறுக்காது, அடுப்படி வெக்கையில் காற்று போகும், பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஜிப் வைத்தது கிடைக்கும், பிரசவமோ ஆபரேஷனோ முடிந்து வந்தவர்களுக்கும் வேறு உடை சரிப்படாது. தெருவுக்கு வரும்போது தோளில் ஒரு துண்டு அல்லது துப்பட்டா, அது போட்டுவிட்டால் மானம் மரியாதை எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே ஒப்புக்கொண்ட மாதிரி ஓர் ஏற்பாடு. இரண்டாவது துணி ஒன்று சேர்ந்ததும் இரவு உடை பகல் உடையாகிறது, இப்படி ஓர் உடை இலக்கணத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பும் இருந்திருக்கிறது. 2018இல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற கிராமத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டி போடக் கூடாது, போட்டால் 2000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1000 ரூபாய் என்று அறிவித்தார்கள். செய்தி வெளியே வந்து அதிகாரிகள் ஊருக்கு வந்து விசாரிக்கும்படி ஆனது. மரி அந்துவானெத் படத்துக்கு நடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை, அங்கே ராணி என்பதால் அபராதம் போடவில்லை.

ஆம்பளைங்களுக்கு நைட்டி ஏன் இல்லை?

இருந்தது. நைட்ஷர்ட் என்ற முழங்கால் தாண்டிய சட்டையில்தான் ஐரோப்பிய ஆண்கள் தூங்கினார்கள், பைஜாமா வந்து அதை விரட்டியதை மேலே சொன்னேன். நைட்கவுனும் அவர்களுக்கு இருந்தது. அதற்கு அங்கே இன்னொரு பெயர் பேனியன். குஜராத்தி வணிகர்களைக் குறித்த வாணியோ என்ற சொல் போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போய் இந்தியத் துணியில் தைத்த தளர்வான அங்கிக்குப் பெயரானது, நம்முடைய பனியனும் அங்கிருந்துதான். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1666இல் தன் படத்தை வரையக் கொடுத்தபோது ஓர் இந்தியக் கவுனை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்றைய கணக்கில் பார்த்தால் வாடகை நைட்டியில் ஸ்டூடியோ படம்.

இரவாடைன்னு அழகான தமிழ் இருக்கும்போது நைட்டின்னு எழுதலாமா?

எழுதலாம். இரவாடை, இரவு உடை இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் பொதுப்பெயர்கள். நைட் சூட்டும் இரவாடை, லுங்கியும் இரவாடை. 'அவள் இரவாடையோடு தண்ணி லாரிக்கு ஓடினாள்' என்று கதையில் எழுதினால் வாசகருக்கு நைட்டி மனதில் வராது. பல வகையையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் இரவு உடை, அந்த ஒன்றையே சொல்லும் இடத்தில் நைட்டி.

எழுத்தைப் பற்றியும் கேட்கிறார்கள்: நைட்டீ என்று நெடில் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது நம் கடைகள் கடைசியில் ஒய் போடுகின்றன, அகராதிகள் ஐ, இ என்ற இரண்டு எழுத்துப் போடுவதை முதலில் வைக்கின்றன. இரண்டும் வழக்கில் உண்டு.

வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசும்போது நைட்டின்னு சொன்னா புரியுமா?

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நன்றாகவே புரியும், பிரச்சினையே அதுதான். அவர்களுக்கு அது படுக்கையறையோடு முடிந்துவிடும் உடை. 'நைட்டியோடு கடைக்குப் போனேன்' என்றால் வேறு என்னவோ கற்பனை செய்துகொள்வார்கள். நாம் போடும் நைட்டியைச் சொல்ல வேண்டுமானால் ஹவுஸ்டிரஸ் அல்லது காட்டன் மேக்ஸி என்று சொல்லிவிடுவது உத்தமம். அமெரிக்கர்கள் நைட்கவுன் என்றுதான் அதிகம் சொல்வார்கள்.

ஜிஎஸ்டி பில்லுல 6208ன்னு இருக்கே, அதுல நெக்லிஜேன்னு வேற வருது. நான் வாங்கினது சாதா காட்டன் நைட்டிதானே?

பயப்பட வேண்டாம், சாதா நைட்டிதான். உலக நாடுகள் சரக்குகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எண் வரிசை அது, ஜிஎஸ்டியும் அதையே எடுத்துக்கொண்டது. 6208 என்ற தலைப்பில் பெண்களின் உள்பாவாடை, நைட்டிரஸ், பைஜாமா, நெக்லிஜே, குளியல் அங்கி, டிரஸ்ஸிங் கவுன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். தறியில் நெய்த துணியில் தைத்தால் 6208, பனியன் துணி மாதிரிப் பின்னல் துணியில் தைத்தால் 6108. பகலில் போடுகிறீர்களா இரவில் போடுகிறீர்களா என்று அந்த எண் கேட்காது.